கொடைக்காக ஒரு வாரம் கரண்டை நிறுத்தலாமா?

வாசகர் கேள்வி – பதில்: புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சை

நெல்லைச் சீமையில் கதிர்வீச்சுச் சிகிச்சையை 'கரண்டு வைக்கிறது' என்றுதான் சொல்வார்கள். மின்சாரம் எதுவும் உடம்புக்குள் பாய்வதில்லை. ஆனால் பெயர் நிலைத்துவிட்டதால் இங்கும் அப்படியே வைத்துக்கொள்கிறோம். ஒரு கதிர்வீச்சு மருத்துவரும் ஒரு மருத்துவ இயற்பியலாளரும் சேர்ந்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறார்கள்.

எங்க மதினிக்கு நாக்குல புற்று. 35 நாள் கரண்டு வைக்கணும்னு சொல்லி, 20 முடிஞ்சிருக்கு. வர்ற செவ்வாய்க்கிழமை எங்க ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. ஒரு வாரம் விட்டுட்டு, அப்புறமாப் போய் மிச்சத்தை வச்சுக்கிடலாமா?
– வாசகர், முக்கூடல்

கூடாது. ஒரு நாள்கூட விடக் கூடாத கட்டத்தில் உங்கள் மதினி இருக்கிறார்.

ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் 35 நாளில் 70 கிரே. திங்கள் முதல் வெள்ளி வரை வைத்தால் ஏழு வாரம் ஆகும். கிரே என்பது கதிரின் அளவு. மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுத்தால் நல்ல தசையும் வெந்துவிடும். சிறிது சிறிதாகக் கொடுக்கும்போது, இரண்டு வேளைக்கு நடுவே நல்ல செல் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. புற்றுச் செல்லால் அந்த அளவுக்கு முடிவதில்லை. சிகிச்சை முழுவதும் இந்த வித்தியாசத்தை நம்பித்தான் நடக்கிறது.

ஆனால் மூன்று, நான்கு வாரம் கடந்ததும், சாகாமல் மிஞ்சிய புற்றுச் செல்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். தலை, கழுத்துப் புற்றில் சிகிச்சை ஒரு நாள் நீண்டால், நோய் அந்த இடத்தில் அடங்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1 முதல் 1.4 சதவீதம் குறைகிறது. ஒரு வாரம் என்றால் கணக்கு நீங்களே போடலாம். பிறகு போய் 'மிச்சத்தை' வைத்தாலும் இழந்தது திரும்பாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சர்வதேச அணுசக்தி முகமை வளரும் நாட்டு மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடத்தியது. முடிவு 2010இல் வெளியானது. அதே மொத்த அளவை வாரத்துக்கு 5 வேளைக்குப் பதில் 6 வேளையாகக் கொடுத்து ஒரு வாரம் முன்னதாக முடித்தார்கள். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது நோய் அடங்கியிருந்தவர்கள் 30 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். புதிய கருவியோ புதிய மருந்தோ இல்லாமல், நாளைச் சுருக்கியே கிடைத்த பலன் இது.

மதினி கொடைக்குப் போகட்டும். காலையில் கரண்டு முடித்துவிட்டுப் புறப்பட்டால் சாமக்கொடை பார்க்கலாம். கழுத்தில் மஞ்சள், சந்தனம், திருநீறு பூச வேண்டாம். புண்ணான தோல் இன்னும் எரியும். சாம்பிராணிப் புகைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம். மறுநாள் காலை மருத்துவமனையில் இருக்க வேண்டும். கருவிப் பழுதாலோ அரசு விடுமுறையாலோ ஒரு நாள் போனால், 'அந்த நாளை எப்படி ஈடுகட்டுவீர்கள்?' என்று மருத்துவரிடம் கேளுங்கள். சனிக்கிழமை ஒரு வேளை வைக்கலாம். அல்லது ஒரே நாளில் 6 மணி நேர இடைவெளி விட்டு இரண்டு வேளை வைக்கலாம். கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

கோபால்ட் பழைய மிஷின், அதுல வச்சா உடம்பு கருகிரும், லீனாக் உள்ள ஊருக்குப் போங்கன்னு சொல்றாங்க. நிஜமா?
– வாசகி, வள்ளியூர்

பாதி நிஜம்.

கோபால்ட் கருவியின் தலைக்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம் இருக்கிறது. அது காமாக் கதிரை ஓயாமல் வெளியிடும். மூடியைத் திறந்தால் கதிர் வரும், மூடினால் நிற்கும். லீனாக் என்கிற நேரியல் முடுக்கியில் கதிரியக்கப் பொருள் எதுவும் கிடையாது. மின்சாரத்தால் எலக்ட்ரான்களை வேகப்படுத்தி, ஓர் உலோகத் தகட்டில் மோதவைத்து எக்ஸ் கதிரை உண்டாக்குகிறார்கள். மின்சாரம் நின்றால் கதிரும் இல்லை.

கோபால்ட் கதிரின் உச்ச அளவு தோலுக்கு அரை செ.மீ. கீழே விழும், 6 எம்.வி. (மெகாவோல்ட்) ஆற்றலுள்ள லீனாக் கதிரின் உச்சம் ஒன்றரை செ.மீ. ஆழத்தில். அதனால் கோபால்ட்டில் தோல் கறுப்பது கூடுதல். 10 செ.மீ. ஆழத்தில் கோபால்ட் கதிர் உச்சத்தின் 56 சதவீதம் அளவுக்குத்தான் மிஞ்சும். லீனாக் கதிர் 67 சதவீதம். ஆகவே பருத்த உடம்பில் இடுப்புக்குள் ஆழமாக இருக்கும் கட்டிக்கு லீனாக் தெளிவாக நல்லது. இன்னொன்று, கருவித் தலைக்குள் இருக்கும் கோபால்ட் துண்டான வில்லையின் குறுக்களவு ஏறக்குறைய 2 செ.மீ.; லீனாக்கில் கதிர் பிறக்கும் புள்ளி சில மி.மீ. தடித்த விளக்கின் நிழலுக்கு ஓரம் மங்கலாக இருக்குமே, அதுபோல் கோபால்ட் கதிருக்கும் ஓரம் மங்கல். எச்சில் சுரப்பியை விட்டுவிட்டுத் தொண்டைக்கு மட்டும் வைக்க வேண்டும் என்றால் லீனாக் வேண்டும்.

மார்பகம், கழுத்து நெறிக்கட்டி, எலும்பில் பரவிய வலி போன்றவற்றுக்குக் கோபால்ட் இன்றும் நன்றாகவே உழைக்கும். மின்சாரம் போனாலும் மின்கலத்தில் ஓடும்படி அமைக்க முடியும். பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த பாபாட்ரான் அப்படிப்பட்டது. முதல் பாபாட்ரான் 2005இல் நவி மும்பையில் நிறுவப்பட்டது. பிற்பாடு வியட்நாம் முதலிய நாடுகளுக்கும் இந்தியா கொடுத்தது.

கோபால்ட்டின் உண்மையான குறை வேறு. அதன் வீரியம் 5.27 ஆண்டில் பாதியாகும். புதிதில் 2 நிமிடத்தில் கிடைத்த அளவுக்கு அப்போது 4 நிமிடம் படுக்க வேண்டும். வரிசை நீளும், நடுவில் உடம்பு அசையும். மாதம் 1 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைவதால், இயற்பியலாளர் மாதா மாதம் நேரத்தைத் திருத்தியாக வேண்டும். ஒரு வருடம் திருத்தாமல் விட்டால் ஒவ்வொரு நோயாளிக்கும் 12 சதவீதம் குறைவாகவே போய்ச் சேரும், யாருக்கும் தெரியாது. கூடினாலும் ஆபத்து. கோஸ்டா ரிகா நாட்டில் 1996இல் புதிய கோபால்ட் வில்லையை மாற்றியபோது, 0.3 நிமிடம் என்பதை 18 நொடி என்று கொள்ளாமல் 30 நொடி என்று எடுத்துக்கொண்டார்கள். சுமார் 115 பேருக்கு அளவு மீறிப்போனது. பலர் உயிரையே இழந்தார்கள்.

எங்கள் கருத்து இது: நல்ல வில்லையும் முறையாக அளந்து பார்க்கும் இயற்பியலாளரும் உள்ள கோபால்ட், மாதத்தில் பத்து நாள் பழுதாகிக் கிடக்கும் லீனாக்கைவிட மேல். 'கோபால்ட்டா, லீனாக்கா' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'வில்லை மாற்றி எத்தனை வருடம் ஆகிறது? போன மாதம் எத்தனை நாள் கருவி நின்றது?' என்றும் கேளுங்கள்.

கூடங்குளத்திலேயே அணு உலை இருக்கே, கோபால்ட்டை அங்கிருந்து பாளையங்கோட்டைக்குக் கொண்டுவர முடியாதா? கரண்டு வச்சவங்க பக்கத்துல குழந்தைகள் இருந்தா கதிர் பாயுமா?
– வாசகர், ராதாபுரம்

முடியாது. கூடங்குளம் உலைகளில் கோபால்ட்-60 ஆக்கப்படுவதில்லை. சாதாரணக் கோபால்ட்டை உலைக்குள் வைத்து நியூட்ரானால் தாக்கவைத்துத்தான் கோபால்ட்-60 கிடைக்கிறது; நம் நாட்டில் அது ராஜஸ்தான் ராவத்பாட்டா போன்ற கனநீர் உலைகளில் நடக்கிறது. வில்லையாக்கி மருத்துவமனைக்குத் தருவது 'பிரிட்' என்ற மத்திய அரசு அமைப்பு.

வெளியிலிருந்து கரண்டு வைத்தவரின் உடம்பில் கதிர் தங்காது. விளக்கை அணைத்த அறையில் வெளிச்சம் தங்காததுபோலத்தான். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். தனிப் பாய், தனித் தம்ளர் என்று ஒதுக்கிவைப்பது அவர் மனசை நோகடிப்பதைத் தவிர வேறெதையும் செய்யாது.

வளரும் நாடுகளில் கதிர்வீச்சுக் கருவிகள் போதவில்லை என்று படிக்கிறோம். 'போதாது' என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

எளிய கணக்குதான். புற்றுநோய் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு தேவைப்படும். இந்தியாவில் ஆண்டுக்குப் புதிதாகக் கண்டறியப்படுவோர் சுமார் 14 லட்சம். பாதி 7 லட்சம். ஒரு கருவி ஆண்டுக்கு 450 முதல் 500 பேரைப் பார்க்கும் என்று வைத்தால் குறைந்தது 1,400 கருவி வேண்டும். இருப்பது அதில் பாதியை ஒட்டித்தான். அதிலும் பெரும்பகுதி பெருநகரங்களில். கருவி ஊரில் இருப்பதும், கட்டணமில்லாமல் கிடைப்பதும், வரிசை சிறியதாக இருப்பதும் மூன்று வெவ்வேறு விஷயங்கள்.

ஆப்பிரிக்காவின் நிலை இன்னும் கொடுமை. சர்வதேச அணுசக்தி முகமை 2022இல் 'நம்பிக்கைக் கதிர்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, அங்கே 20க்கும் மேற்பட்ட நாடுகளில் கதிர்வீச்சுச் சிகிச்சையே இல்லை. உகாண்டா நாடு முழுவதற்கும் 1995இல் வைத்த ஒரே ஒரு கோபால்ட் கருவிதான் இருந்தது. 2016இல் அது சரிசெய்யவே முடியாதபடி நின்றது. அடுத்த கருவி ஓடத் தொடங்க ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. இடையில் பாதிச் சிகிச்சையில் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். முதல் கேள்வியில் ஒரு வாரத்துக்கே நாங்கள் பதறினோம். ஒரு நாட்டுக்கு ஒரே ஒரு கருவி என்பது அதனால்தான் ஏற்க முடியாதது. குறைந்தது இரண்டு கருவிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் ஒன்று நின்றால் மற்றதில் தொடரலாம்.

எங்கள் அறக்கட்டளை ஒரு மருத்துவமனைக்கு லீனாக் வாங்கித் தர நினைக்கிறது. கருவிக்கான பணத்தைச் சேர்த்துவிட்டால் போதும்தானே?
– வாசகர், தென்காசி

நல்ல மனசு. ஆனால் கருவியின் விலையைச் சேர்த்தாலும் பாதி வேலைதான் முடிகிறது. தானமாக வந்த கருவிகள் பெட்டியைப் பிரிக்காமலே கிடந்த கதை பல நாடுகளில் உண்டு. காரணங்கள் எப்போதும் ஒன்றுபோலவே இருக்கும்.

முதலில் கட்டடம். கதிர் நேராகப் படும் சுவர் 2 மீட்டரை ஒட்டிய பருமனில் கான்கிரீட் வேண்டும். மற்ற சுவர்கள் ஒரு மீட்டருக்கு மேல். தாமிரபரணி மணலோ எம்-சாண்டோ, பார்க்க வேண்டியது அடர்த்தி: கன செ.மீ.க்கு 2.35 கிராம். கான்கிரீட்டின் மாதிரிக் கனசதுரங்களை வலிமைக்கு மட்டும் சோதித்து, அடர்த்தியை எடைபோடாமல் விட்டுவிடுவது நம் ஊர் ஒப்பந்தக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. சுவரை இடைவிடாமல் ஊற்ற வேண்டும். இன்று பாதி, நாளை பாதி என்றால் இணைப்பில் கதிர் கசியும். ஏ.சி. குழாயும் கேபிளும் சுவரை நேராகத் துளைக்கக் கூடாது, சாய்வாகப் போக வேண்டும். பழைய கோபால்ட் அறையில் லீனாக்கை வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்பாதீர்கள். கோபால்ட்டின் ஆற்றல் குறைவு என்பதால் அந்தச் சுவர் மெல்லியது.

அனுமதிகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் வாங்க வேண்டும். வரைபட ஒப்புதலுக்கு முன் அஸ்திவாரம் தோண்டக் கூடாது. கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்காமல் இயக்க உரிமம் கிடைக்காது.

அடுத்து மின்சாரமும் குளிர்ச்சியும். லீனாக்குக்கு நிலையான மின்னழுத்தம் வேண்டும், யு.பி.எஸ்., ஜெனரேட்டர் இரண்டும் வேண்டும். உள்ளே ஓடும் குளிர்நீர் தடைபட்டால் கருவி தானே நின்றுவிடும். அக்னி நட்சத்திரத்தில் அறையின் ஏ.சி. திணறினால் ஈரமும் சூடும் ஏறி மின்னணு அட்டைகள் கெடும். கதிரை வடிவமைக்கும் டங்ஸ்டன் இலைகளைத் தள்ளச் சின்னஞ்சிறு மோட்டார்கள் பல டஜன் இருக்கின்றன. அடிக்கடி பழுதாவது அவைதான். ஒரு மோட்டார் நின்றாலும் அன்றைய சிகிச்சை நிற்கும். மேக்னெட்ரான் போன்ற பாகங்கள் தேய்ந்து மாற்ற வேண்டியவை. எனவே முழுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு ஆண்டுதோறும் கருவி விலையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிப் பணம் ஒதுக்குங்கள். உத்தரவாத காலம் முடிந்த மறுநாள் அந்தப் பணம் இல்லை என்றால் தானம் அங்கேயே முடங்கும்.

கருவியோடு, கட்டி இருக்கும் இடத்தைப் படம்பிடித்துக் குறிக்கும் சி.டி. சிமுலேட்டர், திட்டமிடும் கணினி மென்பொருள், கதிரை அளக்கும் அயனி அறை, நீர்த்தொட்டி ஆகியவையும் வர வேண்டும். இவை இல்லாமல் கருவியை ஓட்டுவது தராசு இல்லாமல் தங்கம் விற்பதற்குச் சமம். மேலும் ஆள்: மருத்துவர், குறைந்தது ஓர் இயற்பியலாளர், இரண்டு மூன்று தொழில்நுட்பர். ஓர் இயற்பியலாளர் உருவாக முதுநிலைப் படிப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் ஆகும். எங்களைக் கேட்டால், உங்கள் பணத்தில் ஒரு பகுதியை இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் இருவர் அதைப் படிக்கக் கொடுங்கள். சுவர் காய்வதற்குள் அவர்கள் தயாராகிவிடுவார்கள்.

அந்த மருத்துவமனையில் பழைய கோபால்ட் கருவி இருந்தால், வில்லையைத் திருப்பி அனுப்பும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கைவிடப்பட்ட ஒரு சிகிச்சைக் கருவியிலிருந்து சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் வெளியேறி பிரேசில் நாட்டு கோயானியா நகரில் 1987இல் நான்கு பேர் இறந்தார்கள். டெல்லி மாயாபுரியில் 2010இல் பழைய இரும்போடு விற்கப்பட்ட கோபால்ட் ஓர் உயிரைக் கொன்றது.

ஆச்சிக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று. 25 நாள் வெளிக்கரண்டு முடிஞ்சு, ரத்தப்போக்கு நின்னுட்டு. இனி உள்கரண்டும் வேணுங்காங்க. ஆச்சி பயப்படுதாங்க. விட்டுரலாமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ரத்தப்போக்கு நின்றது நல்ல அறிகுறி. நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. வெளிக்கரண்டில் 45 முதல் 50 கிரே வரைதான் கொடுக்க முடியும். அதற்குமேல் குடலும் மூத்திரப்பையும் தாங்காது. கட்டியை அழிக்க 80 கிரேயைத் தாண்டிய வீரியம் தேவை. அதைக் கட்டிக்குள்ளேயே மெல்லிய குழாய் வழியாகக் கதிர்மூலத்தை அனுப்பிக் கொடுப்பதே உள்கரண்டு. பொதுவாக மூன்று அல்லது நான்கு வேளை. எல்லாம் சேர்த்து முதல் நாளிலிருந்து 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். குழாய் வைக்கும்போது மயக்க மருந்தோ வலி மருந்தோ கேட்டுப் பெறலாம். வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

உள்கரண்டுக்கு வரிசை நீள்வதற்கும் காரணம் உண்டு. இதில் பெரும்பாலும் இரிடியம்-192 என்ற கதிர்மூலம்தான். அதன் வீரியம் 74 நாளில் பாதியாகும். 10 நிமிட வேலை 20 நிமிடமாகும். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதிய மூலம் வாங்கியாக வேண்டும். கொள்முதல் கோப்பு தாமதமானால் உள்கரண்டு நின்றுபோகும். சிறு கோபால்ட் மூலத்தில் ஓடும் உள்கரண்டுக் கருவிகளும் உண்டு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பதால் நம்மைப் போன்ற இடங்களுக்கு அதுவே தோது.

மார்பகப் புற்றுக்கு 5 நாளிலேயே கரண்டு முடிச்சிடலாமாமே? ஆலங்குளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் 25 நாள் அலைய முடியவில்லை.
– வாசகி, ஆலங்குளம்

பலருக்கு முடியும். முன்பு 25 நாளில் 50 கிரே. பிறகு 15 நாளில் 40 கிரே போதும் என்று நிறுவப்பட்டது. பிரிட்டனில் நடந்த ஆய்வு ஒன்று 5 நாளில் 26 கிரேயும் அதே பலன் தரும் என்று 2020இல் காட்டியது. நெறிக்கட்டிகளுக்கும் சேர்த்து வைக்க வேண்டியிருந்தால் 15 நாளே பொதுவான வழக்கம். எலும்பில் பரவிய வலிக்கு ஒரே வேளையில் 8 கிரே போதும். அதற்காகப் பத்து நாள் அலையவைத்தால் காரணம் கேளுங்கள்.

இது உங்கள் பஸ் செலவோடு நிற்கும் விஷயமில்லை. ஒரு கருவியில் நாளுக்கு 40 பேர், ஆண்டுக்கு 250 வேலைநாள் என்றால் 10,000 வேளை. ஆளுக்கு 25 வேளை என்றால் 400 பேர். 15 வேளை என்றால் 660க்கு மேல். கருவி குறைவாக உள்ள ஊரில் இதைச் செய்யாமலிருப்பது, வரிசையில் நிற்பவருக்கு இழைக்கும் அநீதி என்றே நினைக்கிறோம். வாய்க்கும் தொண்டைக்கும் இந்தச் சுருக்கம் பொருந்தாது.

செலவுக்கு வழி?
– வாசகர், சங்கரன்கோவில்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பிரிவு உண்டு. முதலில் அங்கே கேளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டில், ஒப்பந்தத்திலுள்ள தனியார் மருத்துவமனையிலும் வைத்துக்கொள்ளலாம். அட்டை இல்லாவிட்டால் சி.டி. சிமுலேஷனுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஒப்புதல் வராததால் முதல் வாரம் வீணாவதுதான் அடிக்கடி நடப்பது. பீடித் தொழிலாளர்கள் அடையாள அட்டையோடு நல நிதி மருந்தகத்தில் விசாரியுங்கள். சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ ரயிலில் போவதானால், மருத்துவமனை தரும் சலுகைப் படிவத்தைக் காட்டினால் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணமில்லை, துணைக்குப் போகிறவர் கால் பங்கு கொடுத்தால் போதும்.

அப்பாவுக்குத் தொண்டையில் கரண்டு அடுத்த வாரம் தொடக்கம். வீட்டில் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், களக்காடு

முதல் வேலை பல் மருத்துவர். ஆடும் பல்லையும் சொத்தைப் பல்லையும் இப்போதே பிடுங்கி, புண் ஆற 10 முதல் 14 நாள் விட வேண்டும். கரண்டுக்குப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பே ஆறாமல் அழுகக்கூடும். இதற்காகத் தொடக்கம் சில நாள் தள்ளினாலும் சரி. தொடங்கியபின் நிறுத்துவதுதான் தவறு. பீடி, புகையிலை, வெற்றிலை மூன்றும் அன்றோடு நிற்க வேண்டும்.

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு. தினமும் புதிதாகக் கலந்து, இரண்டு மணிக்கு ஒருமுறை கொப்பளிக்க வேண்டும். கடையில் விற்கும் சாராயம் கலந்த கொப்பளிப்பு மருந்து வேண்டாம்.

மூன்றாவது வாரத்தில் விழுங்க வலிக்கும். காரமும் புளியும் போடாத சொதியில் குழைந்த சோறு, முட்டைக் கலக்கல், பயற்றங்கஞ்சி, ஆறிய பால் என்று இரண்டு மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு வலி மருந்து. வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள். சிகிச்சையின்போது தலை அசையாமலிருக்க முகத்துக்கு வார்த்த பிளாஸ்டிக் வலைமூடி, சுடுநீரில் இளக்கி அவர் முகத்திலேயே படியவைத்தது. எடை குறைந்தால் மூடி தளரும். தலை உள்ளே திரும்பும். கதிர் கட்டியை விட்டுத் தண்டுவடத்துக்கு நகரும். மூடிக்குள் முகம் ஆடுகிறது என்று அப்பா சொன்னால், அன்றைக்கே மேசையில் படுக்கும் முன் தொழில்நுட்பரிடம் சொல்லுங்கள். புதிய மூடி வார்த்து, மறுபடி சி.டி. எடுத்துத் திட்டம் போடுவார்கள்.